செயலியில் படம் ஏன் இழுக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில், சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடிச் செயலி எழுதுகிறோம். பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருந்து வரும் பிள்ளைகள். பகலில் வேலை, இரவில் மடிக்கணினி. எங்கள் புலன (வாட்ஸ்அப்) குழுவில் வரும் கேள்விகளில் பாதி படம் சம்பந்தப்பட்டவை. ஒரே பதிலை எத்தனை தடவைதான் தட்டுவது? கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

உதாரணத்துக்கு இரண்டு செயலிகள். ஒன்று நாங்களே செய்த தோட்டப் பட ஆல்பம். பெரட்டுக் களம் (காலையில் வேலைக்குப் பெயர் எடுக்கும் இடம்), ஆயாக் கொட்டகை (பிள்ளைக் காப்பகம்), லயத்து (தொழிலாளர் வரிசை வீடு) வாசல், கோவில் திருவிழா என்று பழைய படங்களைக் குடும்பங்களிடம் வாங்கி ஸ்கேன் செய்து போட்டது. இன்னொன்று, தீபாவளிப் பலகாரம் செய்து விற்கும் ஓர் அக்காவுக்கு எழுதிக் கொடுத்த விலைப்பட்டியல். முதலாவதில் ஒரு படம் ஏறிவிட்டால் மாறவே மாறாது. இரண்டாவதில் வாரத்துக்கு வாரம் மாறும்.

"சார், கேஷ்னா என்ன? ஒரு தடவை இறக்கின படத்தை மறுபடி இறக்காம இருக்கறதுதானே?"

அதுதான். ஆனால் அது பாதிக் கதை. அடுப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். தாளிக்கும்போது கை நேராக அஞ்சறைப் பெட்டிக்குப் போகும். அதில் கடுகு தீர்ந்திருந்தால் மேல்தட்டு டின்னைத் திறப்போம். டின்னும் காலி என்றால்தான் டவுனுக்குப் போய் வாங்கி வர வேண்டும். அஞ்சறைப் பெட்டி மெமரி கேஷ் (செயலியை மூடினால் காலி), டின் டிஸ்க் கேஷ் (கைப்பேசிச் சேமிப்பில் நிற்பது), டவுன் கடை சர்வர் (படங்கள் இருக்கும் தொலைவுக் கணினி). செயலி படத்தைத் தேட வேண்டியதும் இதே வரிசையில்தான்.

பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே சரக்கு அல்ல. டிஸ்கில் இருப்பது சர்வர் அனுப்பிய ஜேபெக் கோப்பு, சுருக்கி அடைத்தது. திரையில் காட்ட அதைப் பிரித்துப் புள்ளி புள்ளியாக விரிக்க வேண்டும். அந்த வேலைக்கு டிகோட் என்று பெயர். விரித்த படம்தான் மெமரியில் உட்கார்ந்திருக்கும். இடம் நிறைந்துவிட்டால் ரொம்ப நாளாகத் தொடாத படம் முதலில் வெளியே போகும். எல்ஆர்யு என்று சொல்வது இதைத்தான்.

"படம் 3 எம்பிதான் சார். அதுக்குப் போயி ஆப் மெமரி பத்தலைன்னு விழுந்துடுதே?"

இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் மீதிக் கேள்விகளில் பாதி தானாகக் கரைந்துவிடும். ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது: பெரட்டில் ரப்பர் பால்வாளியோடு வரிசையாக நிற்கும் பெண்கள். நாலுக்கு ஆறு அங்குல அட்டைப்படம். ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்று ஸ்கேன் செய்தோம். 3600 அகலம், 2400 உயரம். கோப்பாக வைத்தால் சுமார் 3 எம்பி.

விரிக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட் வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம், ஒளி ஊடுருவும் அளவு ஆளுக்கு ஒன்று. 3600 × 2400 × 4 போட்டுப் பாருங்கள். மூன்று கோடியே நாற்பத்தைந்து லட்சம் பைட்டுக்கு மேல் வருகிறது. அதாவது ஏறக்குறைய 34.5 எம்பி. அந்த 3 எம்பிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஜேபெக்கை எவ்வளவு அமுக்கினாலும், நீள அகலம் மாறாத வரை விரித்த அளவு மாறாது. ஒரு பக்கத்தில் 12 படம் காட்டினால் 414 எம்பி. பெரியவர்கள் கையில் இருக்கும் மலிவுக் கைப்பேசி இதைத் தாங்காது. நாங்கள் முதலில் வெளியிட்ட பதிப்பு சரியாக ஒன்பதாவது படத்தில் மூடிக்கொண்டது. ஸ்கேன் செய்யப் படம் கொடுத்த தாத்தா, "என் படம் கனம் போல" என்றார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆண்ட்ராய்டு 8 முதல் விரித்த படங்கள் ஜாவா ஹீப்பில் (செயலிக்கென்று அளந்து கொடுத்த மெமரிப் பகுதி) இருப்பதில்லை. அதற்கு வெளியே உள்ள நேட்டிவ் மெமரிக்குப் போய்விட்டன. அதனால் பழைய பிழைச்செய்தி வராமலே, கைப்பேசி சத்தமில்லாமல் செயலியைக் கொன்றுவிடும். "எரர் ஒண்ணும் வரலை சார், தானா மூடிக்குது" என்பவர்கள் முதலில் இங்கே பாருங்கள்.

"படம் வர்ற பாக்ஸைச் சின்னதா வச்சுட்டேன். அது போதாதா?"

போதாது. பெட்டி சின்னதாகும், உள்ளே விரிந்து கிடக்கும் 34 எம்பி அப்படியேதான் இருக்கும். விரிக்கும்போதே சின்னதாக விரிக்கச் சொல்ல வேண்டும். ஆல்பத்தில் சிறுபடத்தின் அகலம் 120 அலகு. மூன்று மடங்கு அடர்த்தியுள்ள திரையில் அது 360 புள்ளி. 360 × 240 × 4 என்றால் 3,45,600 பைட். முழுப்படத்தில் நூறில் ஒரு பங்கு! அடர்த்தியால் பெருக்க மறந்தவர்கள் 120 புள்ளிக்கு விரித்துவிட்டு, "படம் மங்கலா இருக்கு" என்று வருவார்கள்.

ஆண்ட்ராய்டில் கையால் எழுதினால், எத்தனை மடங்கு சின்னதாக விரிக்க வேண்டும் என்று சொல்லும் இன்சாம்பிள்சைஸ். அது 2, 4, 8 என்று இரண்டின் அடுக்குகளில் குறையும். 8 கொடுத்தால் நம் படம் 450 × 300 ஆகும். கிளைடு, காயில் என்ற லைப்ரரிகள் (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்) இரண்டும் படம் உட்காரும் பெட்டியின் அளவைப் பார்த்துத் தாமே இதைச் செய்துகொள்ளும். பெட்டியின் அளவை 'உள்ளே வருவதற்கு ஏற்ப' என்று விட்டுவிட்டால் அவற்றுக்கும் கணக்குத் தெரியாது, பெரிதாகவே விரித்துவிடும். ஃப்ளட்டரில் (ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் சேர்த்து எழுதும் கருவி) கேஷ்விட்த் என்ற அளவைக் கொடுக்க வேண்டும், தானாக நடக்காது. ஐபோனில் கிங்ஃபிஷர் லைப்ரரி வைத்திருப்பவர்கள் அதன் டவுன்சாம்ப்ளிங் பிராசஸரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"சின்னதா விரிச்சாலும் இறக்கறது 3 எம்பிதானே சார்? என் கோட்டா போகுதே?"

கேட்டது ஒரு பதினேழு வயதுப் பிள்ளை, பிரிபெய்டு டாப் அப்பில் காலம் தள்ளுகிறவள். மெத்தச் சரி. மேலே சொன்னது மெமரியைக் காப்பாற்றும், டேட்டாவைக் காப்பாற்றாது. டேட்டாவுக்கு மருந்து சர்வரில்தான் இருக்கிறது. படத்தை ஏற்றும்போதே இரண்டு மூன்று அளவில் வெட்டி வைத்துவிட வேண்டும். நாங்கள் வைத்திருப்பது 360 அகலம், 1080 அகலம், அப்புறம் மூலப்படம். பட்டியலுக்கு முதலாவது, தட்டித் திறந்தால் இரண்டாவது, 'பதிவிறக்கு' என்று அழுத்தினால் மட்டும் மூன்றாவது. எங்கள் சிறுபடங்கள் 25 கேபி அளவில் நிற்கின்றன.

அதோடு வெப்பி என்ற படக் கோப்பு வடிவத்துக்கும் மாறுங்கள். கூகுள் 2010-இல் கொண்டுவந்தது. அதே தரத்துக்கு ஜேபெக்கைவிட 25 முதல் 34 விழுக்காடு வரை சிறியது என்பது கூகுள் சொல்லும் கணக்கு. ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் திறக்கும். ஏவிஃப் என்ற இன்னொரு வடிவம் இன்னும் சுருங்கும், ஆனால் ஆண்ட்ராய்டு 12, ஐஓஎஸ் 16 வேண்டும். எங்கள் ஆட்கள் கையில் பழைய கைப்பேசிகள் நிறைய என்பதால் நான் வெப்பியோடு நிறுத்திக்கொண்டேன்.

"வீட்டு வைஃபையில பறக்குது. தோட்டத்துக்குள்ள போனா படமே வரலை. லைன் பிரச்சினைக்கு நாம என்ன செய்ய முடியும்?"

லைனை நாம் சரிசெய்ய முடியாது. குறைந்த லைனில் பிழைக்கிற மாதிரி எழுதலாம். மலேசியாவில் 2021 இறுதியில் 3ஜியை நிறுத்திவிட்டார்கள். 4ஜி எட்டாத இடத்தில், நிரை நிரையாக நிற்கும் செம்பனைக்கு நடுவே, கைப்பேசி நேராக 2ஜிக்கு விழுந்துவிடும். வினாடிக்கு 100 கிலோபிட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 எம்பி படம் இறங்க 4 நிமிடம். 25 கேபி சிறுபடம் இறங்க 2 வினாடி. முந்தின பதிலைப் படித்தும் சர்வரில் அளவு வெட்டாமல் இருப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன சொல்ல?

இன்னும் இரண்டு விஷயம். பயனர் விரலால் தள்ளிவிட்டுப் போன படத்தின் கோரிக்கையை ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் பார்க்காத படங்கள் வரிசையில் முன்னால் நின்றுகொண்டு, பார்க்கிற படத்தை விடாது. தோற்றுப்போன கோரிக்கையை உடனுக்குடன் மறுபடி அனுப்பாதீர்கள். 2 வினாடி, 4 வினாடி, 8 வினாடி என்று இடைவெளி விட்டு முயலுங்கள். வைஃபை இருக்கும்போதே அடுத்த பக்கத்துச் சிறுபடங்களை முன்கூட்டி இறக்கி வைப்பதும் நல்லது. சிறுபடங்களை மட்டும்.

"எந்த லைப்ரரி சார் பெஸ்ட்?"

சண்டை போட இதில் ஒன்றுமில்லை. கோட்லினில் புதிதாகத் தொடங்கினால் காயில், பழைய ஜாவா செயலி என்றால் கிளைடு, ஸ்விஃப்ட் என்றால் கிங்ஃபிஷர் அல்லது நியூக். ரியாக்ட் நேட்டிவில் எக்ஸ்போ இமேஜ். அது உள்ளுக்குள் ஆண்ட்ராய்டில் கிளைடையும் ஐபோனில் எஸ்டிவெப்இமேஜையும்தான் கூப்பிடுகிறது. ஃப்ளட்டரில் கேஷ்டு நெட்வொர்க் இமேஜ். எதுவானாலும் சொந்தமாக எழுதப் புறப்படாதீர்கள். நான் ஒரு தடவை எழுதினேன். இரண்டு மாதம் போயிற்று. அடுத்த கேள்வியில் வரும் பிழை அப்போது வந்ததுதான்.

"வேகமா ஸ்கிரோல் பண்ணா ஒருத்தர் படம் இன்னொருத்தர் பேருல வந்துட்டுப் போகுது. பேய் பிடிச்சிருக்கா?"

பேய் இல்லை, பழைய பெட்டி. நீளப் பட்டியலில் ஆயிரம் வரி இருந்தாலும் கைப்பேசி பத்துப் பதினைந்து பெட்டிகளைத்தான் உருவாக்கும். மேலே மறைந்த பெட்டியைக் கழுவிக் கீழே புது வரிக்குத் தரும். மறைவதற்கு முன் அந்தப் பெட்டி கேட்டிருந்த படம் தாமதமாக வந்து சேர்ந்தால், இப்போது அங்கே குடியிருப்பவர் யார் என்று பார்க்காமல் உட்கார்ந்துவிடும். எங்கள் ஆல்பத்தில் தண்டல் (தோட்டத்து மேற்பார்வையாளர்) ஒருவரின் பெயருக்கு மேலே ஒரு கல்யாணப் பெண் வந்து நின்றாள். அவருடைய பேரன் அதைத் திரைப்பிடித்துக் குடும்பக் குழுவில் போட, ஒரு வாரம் எனக்குத் தலை நிமிர வழியில்லை.

தீர்வு: பெட்டி புது வரிக்குப் போகும்போது பழைய கோரிக்கையை ரத்து செய்து, உடனே ஒதுக்கிடப் படத்தை (உண்மைப் படம் வரும்வரை இடம் பிடிக்கும் தற்காலிகப் படம்) போடுங்கள். படம் வந்ததும், பெட்டி இப்போதும் அதே முகவரியைத்தான் (படத்தின் இணைய முகவரி) கேட்கிறதா என்று சரிபாருங்கள். நல்ல லைப்ரரிகள் இதைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. படம் இல்லாத வரிக்கு 'ஒன்றும் செய்யாதே' என்று எழுதுகிறவர்கள்தான் இன்னும் மாட்டிக்கொள்கிறார்கள். படம் இல்லை என்றாலும் பெட்டியைக் காலி செய்ய வேண்டும்.

"லோட் ஆகற வரைக்கும் வெள்ளையா இருக்கு, அப்புறம் பக்கமே துள்ளுது."

துள்ளுவதற்குக் காரணம், படம் வரும்வரை அதன் உயரம் தெரியாதது. நீள அகலத்தைச் சர்வர் தரும் பட்டியலிலேயே சேர்த்து அனுப்புங்கள். பெட்டி முதலிலேயே இடம் பிடித்துக்கொள்ளும். வெள்ளைக்குப் பதில் படத்தின் சராசரி நிறத்தைப் போட்டாலே கண்ணுக்கு இதம். இன்னும் அழகு வேண்டுமென்றால் பிளர்ஹாஷ்: இருபது முப்பது எழுத்தில் ஒரு மங்கல் படம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு எனக்குச் சாம்பல் நிறமே போதுமாயிருந்தது.

"சர்வர்ல படத்தை மாத்திட்டேன். ஆனா எல்லாருக்கும் பழைய படமே வருது!"

பலகார அக்காவுக்கு நடந்தது. முறுக்குப் படத்தின் மேலேயே விலையை எழுதி வைத்திருந்தார். விலை கூடியதும் அதே கோப்புப் பெயரில் புதுப் படத்தை ஏற்றினார். வாடிக்கையாளர் ஒருவர் பழைய விலையைக் காட்டி வாசலில் நிற்க, அக்கா வாயை மூடிக்கொண்டு பழைய விலைக்கே நான்கு டின் கொடுத்தார். அப்புறம் எனக்குத் தொலைபேசி வந்தது. அந்தப் பேச்சை இங்கே எழுத முடியாது.

கேஷுக்கு முகவரிதான் அடையாளம். முகவரி மாறாத வரை, டின்னில் இருப்பது பழசா புதுசா என்று அதற்குத் தெரியாது. சர்வர் 'கேஷ் கன்ட்ரோல்' தலைப்பில் எத்தனை வினாடி வைத்திருக்கலாம் என்று சொல்லலாம். ஈடேக் என்ற முத்திரையைக் காட்டி "மாறிவிட்டதா?" என்று கேட்டால், மாறாதபோது சர்வர் 304 என்று மட்டும் பதில் சொல்லும், படம் மறுபடி இறங்காது. ஆனால் கிளைடும் எஸ்டிவெப்இமேஜும் இயல்பாக இந்தத் தலைப்புகளைப் பார்ப்பதே இல்லை. அதனால் தலைப்பை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

நான் இப்போது எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான்: ஒரு முகவரிக்கு வாழ்நாள் முழுக்க ஒரே படம். படம் மாறினால் பெயரும் மாற வேண்டும். முறுக்கு-7 போய் முறுக்கு-8 வரட்டும். பட்டியல் புது முகவரியைத் தரும், கேஷ் புதுப் படத்தைத் தேடும், பழசு நாளடைவில் தானாக வெளியேறும். இப்படிச் செய்தால் மேக்ஸ் ஏஜ் 31536000, அதாவது முழு ஓராண்டு, என்று தைரியமாகப் போடலாம். ஆல்பத்தில் எல்லாப் படத்துக்கும் அப்படித்தான் போட்டிருக்கிறோம். விலையைப் படத்துக்குள் எழுதும் பழக்கத்தையும் அக்கா விட்டுவிட்டார்.

"எனக்கு நேர் எதிர். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் எல்லாம் மறுபடி இறங்குது. கேஷே வேலை செய்யலையா?"

வேலை செய்கிறது, அதற்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. உங்கள் படங்கள் பூட்டிய கிடங்கில் இருந்தால், சர்வர் ஒவ்வொரு தடவையும் கையொப்பமிட்ட தற்காலிக முகவரி தரும். கேள்விக்குறிக்குப் பிறகு வரும் நீள வால் ஒவ்வொரு முறையும் மாறும். கேஷின் பார்வையில் அது புதுப் படம். முறுக்குக் கதையின் மறுபக்கம் இது: அங்கே முகவரி மாறாமல் படம் மாறியது, இங்கே படம் மாறாமல் முகவரி மாறுகிறது. வாலை வெட்டிவிட்டு, நிலையான பகுதியை மட்டும் கேஷ் சாவியாகக் கொடுங்கள். மேலே சொன்ன லைப்ரரிகளில் அதற்கு வழி இருக்கிறது.

ஃப்ளட்டர்காரர்கள் இன்னொன்றையும் பாருங்கள். வெறும் இமேஜ் நெட்வொர்க் போட்டிருந்தால் அது மெமரியில் மட்டுமே வைக்கும். இயல்பான உச்சம் 1000 படம் அல்லது 100 எம்பி. டிஸ்கில் எழுதாது. செயலியை மூடினால் அஞ்சறைப் பெட்டி காலி, டின்னே கிடையாது.

"ஆப் போனை ரொப்பிடுதுன்னு அம்மா திட்டறாங்க. எவ்வளவு வைக்கலாம்?"

கிளைடு இயல்பாக டிஸ்கில் 250 எம்பி வரை எடுத்துக்கொள்ளும். 25 கேபி சிறுபடம் என்றால் அதில் பத்தாயிரம் படம் அடங்கும், அவ்வளவு எதற்கு? ஆல்பத்துக்கு 80 எம்பி வைத்தோம், குறை சொன்னவர் இல்லை. கேஷுக்கென்று கைப்பேசி தரும் கோப்புறையிலேயே வையுங்கள். இடம் பற்றாதபோது ஆண்ட்ராய்டும் ஐஓஎஸும் அதைத் தாமே துடைத்துவிடும். அதே காரணத்தால், பயனர் 'சேமி' என்று அழுத்திய படத்தை அங்கே வைக்கக் கூடாது. பாட்டி படம் காணாமல் போனால் அம்மாவின் திட்டு வேறு மாதிரி இருக்கும்.

"ஐபோன்ல எடுத்து ஏத்தின படம் மட்டும் படுத்துக்கிட்டு வருதே?"

கேமரா படத்தைத் திருப்புவதில்லை. 'இதைத் திருப்பிக் காட்டு' என்று எக்ஸிஃப் என்ற குறிப்பில் எழுதி வைக்கிறது. சர்வரில் அளவு வெட்டும்போது அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடுகிறது, படம் படுத்துவிடுகிறது. முதலில் குறிப்பின்படி திருப்பி, பிறகு வெட்டுங்கள். அதற்கப்புறம் குறிப்பு முழுவதையும் எடுத்துவிடுங்கள். எடுத்த இடத்தின் வரைபடப் புள்ளிகூட அதில் இருக்கலாம். யார் வீட்டு வாசலில் எடுத்தது என்று ஊருக்கே தெரிய வேண்டியதில்லை.

"லாக் அவுட் பண்ணின பிறகும் படமெல்லாம் போன்லயே இருக்குமா?"

இருக்கும், நீங்கள் அழிக்கும் வரை. வெளியேறும்போது மெமரி, டிஸ்க் இரண்டையும் துடைக்கும் வரியைச் சேருங்கள். ஒரே கைப்பேசியை அண்ணன் தம்பி மாற்றி மாற்றிப் பிடிக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. அடையாள அட்டை, மருத்துவச் சீட்டு மாதிரிப் படம் என்றால் டிஸ்க் கேஷையே அணைத்துவிடுங்கள்; கொஞ்சம் மெதுவாக வரட்டும்.

"இதெல்லாம் சரியா நடக்குதான்னு எப்படி டெஸ்ட் பண்றது?"

முதலில் பட்டியலை ஒரு தடவை மேலிருந்து கீழே தள்ளிப் பாருங்கள். செயலியை முழுதாக மூடி, விமானப் பயன்முறையைப் போட்டு, மறுபடி திறங்கள். பட்டியலைச் செயலி சேமித்து வைத்திருந்தும் சிறுபடங்கள் வராவிட்டால் டிஸ்க் கேஷ் இல்லை என்று அர்த்தம். அடுத்து, ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் நெட்வொர்க்கை எட்ஜ் (2ஜி காலத்து மெதுவான லைன்) வேகத்துக்கு இறக்கிப் பாருங்கள். ஐபோனுக்கு, லைனை வேண்டுமென்றே மெதுவாக்கிக் காட்டும் நெட்வொர்க் லிங்க் கண்டிஷனர் இருக்கிறது. வீட்டில் இருப்பதிலேயே பழைய கைப்பேசியில் ஓட்டுங்கள், உங்களுடையதில் வேண்டாம்.

அப்புறம் நேரில் போக வேண்டும். எங்களுக்குச் சோதனைக் கூடம், செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பும் வளைவில் இருக்கும் பஸ் நிறுத்தம். அங்கே நின்றால் லைன் ஒரு கோடு, சில நாள் அதுவும் இல்லை. முதல் 12 சிறுபடமும் அரை நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அந்தப் பதிப்பை வெளியிடுகிறோம். வராவிட்டால் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு மாடிக்கே வந்துவிடுகிறோம்.